அப்பாவின் தலையில் வலது பாதி

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டுக்கொண்டபடி, அப்பாவின் தலையில் நடப்பதையெல்லாம் இன்று முதல் உள்ளது உள்ளபடி எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். போனில் கேட்டால் அப்பா "பிரமாதம்" என்பார். அம்மா "அவரையே கேளு" என்பாள். ஆகவே கடிதம்தான் சரி. இங்கே நாங்கள் மூவரும் நலம். அப்பாவின் தலையைத் தனி ஆளாகக் கணக்கில் எடுத்தால் நால்வரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அப்பா ரயிலிலிருந்து லாட வடிவத் தலையணையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே இறங்கினார். நெற்றிக்கு மேல் உச்சிவரை சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றிலும் கட்டை முடி. டாக்டர் நடுவில் போட்ட ஊதாக் கோடு இன்னும் அழியவில்லை. கோட்டுக்கு வலப்புறம் நீ நட்டது, இடப்புறம் உன் பெரிய மேடம் நட்டது.

"பின்னாடி இருந்ததை எடுத்து முன்னாடி வெச்சிருக்காங்க. வீட்டுக்குள்ளேயே பீரோவை நகர்த்தின மாதிரிதான்" என்று அப்பா விளக்கம் சொல்கிறார்.

கீழ் வீட்டு மாமா பார்க்க வந்தார். "என்ன சார், இருபது வருஷமா பளபளன்னு இருந்தீங்க. திடீர்னு எதுக்கு?"

"ஆசை சார்."

மாமா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "யாரோட ஆசை?"

"அவரோடதுதான். எனக்கென்ன, துடைக்க சுலபமா இருந்தது" என்றாள் அம்மா.

அவர் போன பிறகு நான் அப்பாவிடம், உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன். முடி நடும் கிளினிக்கில் உன் முதல் முழு வேலைக்கு ஒரு தலை தேவைப்பட்டது, கற்றுக்கொள்கிறவளிடம் தலையைக் கொடுக்க யாரும் முன்வரவில்லை, அதைக் கேட்டதும் அப்பா அடுத்த ரயிலைப் பிடித்தார். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அப்பா சொன்னார்: "பொண்ணு பழகிப் பார்க்க அப்பன் தலையைக் கொடுத்தான்னு நாலு பேர் பேசினா அவளுக்கு நல்லாவா இருக்கும்? என் தலை, என் ஆசை. அவ்வளவுதான்."

அரை மணிக்கு ஒருமுறை உப்புநீர் தெளிக்கிறோம். நான் பள்ளியில் இருக்கும்போது அம்மா பார்த்துக்கொள்கிறாள். ஹெல்மெட் போடக் கூடாது என்பதால் லிஃப்ட் கம்பெனியில் அப்பாவை இப்போது புகார் போன் எடுக்கும் மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

உன் தங்கை

*

மார்ச் 15

என் அருமை நிருபருக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். அம்மாவிடமும் சொல்.

அப்பா மாதம் ஒரு போட்டோ கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். மேடமும் டாக்டரும் பார்ப்பார்கள். எனக்குக் காட்ட மாட்டார்கள். இது என் தேர்வு என்பதால் அப்படி ஒரு விதி. ஒன்பதாம் மாத முடிவில் வெளியிலிருந்து ஒரு டாக்டர் வருவார். எந்தப் பாதி யாருடையது என்று அவருக்குத் தெரியாது. கட்டம் கட்டி எண்ணுவார். முப்பத்தாறு நட்ட கட்டத்தில் குறைந்தது முப்பது முளைத்திருக்க வேண்டும். முளைத்தால் எனக்கென்று நடும் நாற்காலி கிடைக்கும். இல்லையென்றால் மைக்ராஸ்கோப் மேசையில் வேர்களைப் பிரித்துக் கொடுக்கும் வேலையோடு நிற்க வேண்டியதுதான்.

ஆகவே நீதான் என் கண். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வாரம் வாக்கில் நட்ட முடி உதிரத் தொடங்கும். எல்லோருக்கும் உதிரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் உதிரும். மூன்று நான்கு மாதம் கழித்து அதே இடத்திலிருந்து புது முடி வரும். பயப்படாமல் எண்ணி எழுது.

அப்பா அன்று ஒன்பது மணி நேரம் அசையாமல் இருந்தார் தெரியுமா? நான் நடுங்கிவிடக் கூடாது என்று லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் கதைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் சிரிக்க வைக்கும் இடத்தில் மட்டும் நிறுத்திவிடுவார். சிரித்தால் என் கை ஆடுமாம்.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. அங்கே உனக்கு எப்படி?

நீ சொன்னபடி உதிர ஆரம்பித்துவிட்டது. தினமும் காலையில் தலையணை உறையை எண்ணுகிறேன். இரண்டு பாதிகளும் கலந்துவிடக் கூடாது என்று இடமும் வலமுமாக வேறு வேறு நிறத் துணி விரித்திருக்கிறேன். அப்பா மல்லாந்தபடியே தூங்குவதால் இது முடிகிறது. திங்கள்: வலது 41, இடது 3. செவ்வாய்: வலது 58, இடது 2. புதன்: வலது 60, இடது ஒன்றுமில்லை.

நீ இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்று எழுதியிருந்தாய். அப்படி இல்லை, அக்கா. உன் பக்கம் துடைத்த கரும்பலகை போல் ஆகிவிட்டது. மேடம் பக்கம் அப்படியே நிற்கிறது. விழுந்தவற்றை அறிவியல் ஆய்வக லென்ஸில் வைத்துப் பார்த்தேன். நுனியில் வெள்ளையாக ஒரு சிறு குமிழ் இருக்கிறது. வேரோடு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். நீயே பார்ப்பதற்காக இரண்டை இந்தத் தாளில் ஒட்டியிருக்கிறேன்.

மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். அப்பா கவலைப்படவில்லை. "இவ்வளவு நாள் பாதி மொட்டை யாராவது பார்த்திருக்காங்களா? நான்தான் முதல்" என்று கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்.

உன் தங்கை

*

ஏப்ரல் 22

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். இங்கே வெயில் அதிகம். வேலை வழக்கம்போலப் போகிறது.

அந்தக் குமிழ் வேர் இல்லை. முடியின் அடி நுனி, அவ்வளவுதான். வேர் தோலுக்கு அடியில் தங்கிவிடும்.

இடது பக்கம் இப்போது எப்படி இருக்கிறது? இடது பக்கம் உதிர ஆரம்பித்ததா? நெற்றி ஓரத்திலா, உச்சியிலா, இடது பக்கத்தில் எங்கே அதிகம் என்று எழுது.

அக்கா

*

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் கடிதம் ரொம்பச் சின்னதாக இருந்தது, ஆனாலும் வந்ததே போதும்.

இப்போது அப்பாவின் தலையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது.

அப்பா ஹெல்மெட் போட்டு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். நேற்று பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கயிறு மாற்றினார்கள். மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு என்னையும் கூட்டிப்போனார். பெரிய சக்கரம், எண்ணெய் வாசனை, தரையில் ஒரு ஓட்டை வழியாகக் கீழே இருட்டில் இறங்கும் எட்டுக் கயிறுகள். எனக்கு அறிவியலில் நாற்பத்தெட்டு. இரண்டு மதிப்பெண் எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மா திரைச்சீலைகளைத் துவைத்தாள். வேறு விசேஷம் இல்லை.

உன் தங்கை

*

மே 10

என் தங்கமே,

இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா! அந்த ஒரு வரியைத் தாளோடு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். மேடம் பக்கமும் உதிர்ந்துவிட்டதென்றால் என் பக்கம் உதிர்ந்ததிலும் தவறில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குப் புரியாது.

நேற்று மறுபடியும் நடும் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்பது கிராஃப்ட். கிராஃப்ட் என்றால் ஒரு வேரும் அதோடு ஒன்றிரண்டு முடியும். மேடம் பின்னால் நின்று பார்த்தார். ஒன்றைக்கூடத் திருப்பி எடுக்கச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு ஒரு பெரிய முத்தம், இடமும் வலமும் சமமாக. அம்மா ஏன் எழுதுவதில்லை என்று கேள்.

உன் அக்கா

*

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தைக் கேட்கத்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

"மறுபடியும்" என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் நடுவில் நீ நடவில்லை. என் மார்ச் கடிதம் வந்த பிறகு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாய். "வேலை வழக்கம்போல" என்று எனக்கு எழுதிவிட்டாய். இப்போது என் ஏப்ரல் கடிதத்தை நம்பித் திரும்ப உட்கார்ந்திருக்கிறாய். அந்தக் கடிதத்தில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் கடிதம் பொய். நடந்தது இதுதான்.

ஏப்ரல் மாதம், நட்டதிலிருந்து ஏழாவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை. குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அப்பா கண்ணாடி முன் நின்று, அம்மாவின் நூல் வெட்டும் கத்தரியால் இடது பாதியை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தார். முகம் கழுவும் தொட்டியெல்லாம் பொடி முடி.

"என்னப்பா பண்றீங்க?"

"கதவைச் சாத்து."

"டாக்டர் தொடக் கூடாதுன்னாரே!"

"அது முதல் மாசம். இங்க வா, காதுக்கு மேல சரியா இருக்கா பாரு."

"எதுக்குப்பா இதெல்லாம்?"

"லிஃப்ட்ல ஒரு பக்கம் பெட்டி தொங்குது, மறுபக்கம் எடைக்கல்லு தொங்குது. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் மோட்டார் திணறாம ஓடும். நாளைக்குப் போட்டோ அனுப்பணும். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் பொட்டல்னு போனா யாரைச் சொல்வாங்க? அவளைத்தானே?"

"ஆனா அது பொய்யில்லையா?"

"முடி வெட்டிக்கிறது பொய்யா? அப்போ கடையில போய் வெட்டிக்கிட்டு வர்றவன் எல்லாம் பொய்யனா?"

அக்கா, அப்பாவிடம் வாதம் செய்து ஜெயிக்க யாராலும் முடியாது. அவர் தொட்டியைக் கழுவிவிட்டு, "இந்த ஒண்ணை மட்டும் எழுதாதே நிருபரே" என்றார். கெஞ்சுவது போல இருந்தது. அப்பா என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அதனால்தான் அப்படி எழுதினேன்.

மேடம் பக்கம் உதிரவில்லை. வெட்டப்பட்டது. உன் பக்கம்தான் உதிர்ந்தது. இதைச் சொன்னால் நீ மறுபடி எழுந்துவிடுவாயோ என்று ஆறு நாள் யோசித்தேன். சொல்லாமல் இருந்தால் நீ என் பொய்யின் மேல் உட்கார்ந்துகொண்டு இன்னொருவர் தலையில் நடுவாய். அது சரியில்லை என்று தோன்றியது. என்னை மன்னித்துவிடு.

உன் தங்கை

*

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? ஐந்து வாரமாகத் தபால்காரரைப் பார்த்தாலே நான் மாடிப்படியில் இறங்கிவிடுகிறேன். "உனக்கு வரலைம்மா, கரண்ட் பில்தான் இருக்கு" என்று அவர் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார். போனில் நீ அப்பாவிடம் மட்டும் பேசினாய், அதுவும் வானிலை பற்றி.

நான் எழுதியதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. ரொம்ப நேரம் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு செய்தி. மே கடைசியில் இடது பாதியும் உதிர்ந்துவிட்டது. வெட்டி மிச்சமிருந்த கட்டைகள் தாமாகவே தலையணையில் கொட்டின. அவர் பொறுத்திருந்தால் கத்தரியே தேவைப்பட்டிருக்காது. இப்போது தலை முழுவதும் மார்ச்சுக்கு முன்பு இருந்ததைவிடப் பளபளப்பு.

அலுவலகத்தில் கேலி தாங்க முடியவில்லை. நான் சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுபோனபோது வெல்டர் அண்ணன், "அண்ணே, நட்டதுக்குத் தண்ணி ஊத்துனீங்களா இல்லையா? இப்படிக் காய விட்டுட்டீங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்து, "விதை போட்டு நாலு மாசம்கூட ஆகலை. உனக்கு அறுவடைக்கு அவசரமா?" என்றார். யார் நட்டது என்று கேட்டால் மட்டும், "நல்ல கைக்காரங்க" என்று சொல்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறார். எனக்குத் தெரிந்து இவ்வளவு தைரியமாக வழுக்கையாக இருப்பவர் வேறு யாரும் இல்லை.

கீழே அவரே எழுதுகிறார்.

உன் தங்கை

பெரியவளுக்கு அப்பா எழுதறது. கத்தரி வெச்சது என் தப்பு. சின்னவ மேல கோபப்படாதே, அவளை எழுதாதேன்னு சொன்னதும் நான்தான். எனக்கு முடி முளைச்சாலும் சரி, முளைக்காட்டியும் சரி. நீ நடறதை நிறுத்தினேன்னு மட்டும் கேள்விப்படக் கூடாது. ரொம்ப நாளா சொல்லாம இருந்த ஒண்ணு: அன்னைக்கு மேடம் நட்ட பக்கம் வலிச்சது, நீ நட்ட பக்கம் வலிக்கலை. ஊசி மருந்து ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னு சொன்னாங்க, இருந்தாலும் அப்படித்தான் இருந்தது. உடம்பைப் பார்த்துக்கோ.

*

ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கும் நிருபருக்கும்,

இருவரும் மன்னிப்புக் கேட்டுவிட்டீர்கள். இனி நான் கேட்க வேண்டும். எழுத என்னிடம் முடிவான செய்தி ஒன்றும் இல்லை, அதனால்தான் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஏப்ரலில் நான் எழுந்தது உண்மை. தங்கை ஒட்டி அனுப்பிய இரண்டு முடியைப் பார்த்த மறுநாள் இடுக்கி என் கையில் நிற்கவில்லை. ஊருக்கெல்லாம் "உதிர்வது சாதாரணம், பயப்படாதீர்கள்" என்று தாள் அச்சடித்துக் கொடுக்கிறவள் நான். என் அப்பா தலை என்றதும் அந்தத் தாளை நானே நம்பவில்லை. ஐந்து வாரம் மைக்ராஸ்கோப் மேசையில் இருந்தேன்.

மே கடிதம் வந்ததும் நாலு நாள் அதைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தங்கை பதின்மூன்று வயதில் ஆறு நாளில் சொல்லிவிட்டாள் என்பதுதான் என்னைக் குத்தியது. ஐந்தாம் நாள் மேடத்திடம் போனேன்.

"உங்கப்பா என் பாதியை வெட்டிட்டாரா? கத்தரியா, பிளேடா?"

"கத்தரி, மேடம்."

"அப்போ வேருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த மாசப் போட்டோ செல்லாது. நீயே பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போடு." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. இந்தத் தலையைத் தேர்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா, ரத்து செய்வதா என்று முடிவு சொல்ல ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். நேற்றுச் சொன்னார்: ஒன்பதாம் மாத எண்ணிக்கைதான் கணக்கு, தேர்வு நடக்கும்.

இந்த ஒரு மாதமும் நான் நாற்காலியிலிருந்து எழவில்லை. முதல் நாள் கை நடுங்கியது. பத்துப் பதினைந்து கிராஃப்டுக்குப் பிறகு அது அலுத்துப்போய் நின்றுவிட்டது. அப்பா, வலிக்காததற்கு மருந்துதான் காரணம். ஆனாலும் அந்த வரியை நான் யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் பெரியவள்

*

ஜூலை 29

அக்கா! அக்கா!

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். இன்று காலை ஜன்னலோரம் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெயில் பக்கவாட்டில் விழுந்தது. வலது நெற்றி ஓரத்தில் பூனைக்குட்டி முதுகு போல ஏதோ மினுங்கியது. லென்ஸை எடுத்து ஓடினேன். முடி! கண்ணுக்குத் தெரிகிற கருப்புகூட இல்லை, புகை நிறம். எண்ணினேன். வலதில் பதினேழு, இடதில் பதினொன்று. அம்மாவும் எண்ணினாள், பத்தொன்பது என்றாள். நான் பதினேழையே எழுதுகிறேன்.

அம்மா விரலால் தொட்டுப் பார்த்து, "ஐயோ, கைக்குழந்தைத் தலை மாதிரி இருக்கு" என்றாள். அப்பா, "அப்போ இன்னைக்கு வேலைக்குப் போக வேண்டாம், தொட்டில்ல போட்டு ஆட்டு" என்றார். பிறகு வழக்கத்தைவிட சீக்கிரமாகவே வேலைக்குக் கிளம்பிப் போனார். வெல்டர் அண்ணனிடம் காட்டத்தான் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் நலம். நீ நலமா?

உன் தங்கை

*

டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வராது. உன் கிளினிக்கின் கீழ்த்தளத்தில், மீன்தொட்டிக்குப் பக்கத்து சோபாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ காலையிலிருந்து மூன்றாம் மாடியில் ஒரு தலையின் மேல் குனிந்திருக்கிறாய். பாதியில் எழுந்து வரக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். அம்மா உனக்காகப் புதுத் துண்டும் போர்வையும் கொடுத்திருக்கிறாள். அவள் நலம். நாங்களும் நலம். நீ இறங்கி வந்ததும் இதை உன் கையில் கொடுப்பேன், ஏனென்றால் அப்பா சொல்ல ஆரம்பித்தால் பாதியை விழுங்கிவிடுவார்.

வெளி டாக்டர் வயதான அம்மாள். நெற்றியில் கட்டிய பெரிய லென்ஸ். அப்பாவை நாற்காலியில் சாய்த்து, தலைக்கு மேல் வட்ட விளக்கைப் போட்டார். நான் மூலையில் ஸ்டூலில் இருந்தேன். பேசக் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டைத் தலையில் வைத்து ஊசி முனையால் ஒவ்வொன்றாக எண்ணினார். உதவியாளர் குறித்துக்கொண்டார். முதலில் இடது: முப்பத்து மூன்று. பிறகு வலது. இருபத்து எட்டுவரை வேகமாக எண்ணியவர் நிறுத்திவிட்டார். லென்ஸைத் துடைத்தார். அப்பாவின் கால் கட்டைவிரல் இரண்டும் செருப்புக்குள் மடங்கியதை நான் பார்த்தேன். அவர் திரும்பவும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். முப்பத்து ஒன்று. இன்னொரு முறை. முப்பத்து ஒன்று.

"ரெண்டு பக்கமும் தேறியாச்சு" என்று உதவியாளரிடம் சொன்னார். பிறகு அப்பாவிடம், "வலது பக்கம் ரெண்டு குறைவுதான். ஆனா முடி படுத்திருக்கிற வாட்டம் ரொம்ப நல்லா இருக்கு. காத்தடிச்சா இயற்கையா ஆடும். உங்களுக்குத் திருப்தியா?" என்றார்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "திருப்திங்க. இந்த வலது பக்கத்தை எந்தப் பொண்ணு நட்டுச்சோ, அதுக்கு ஒரு நல்ல நாற்காலி கொடுங்கம்மா."

"பொண்ணுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. சும்மா ஒரு யூகம்."

டாக்டர் அம்மாள் லென்ஸை நெற்றிக்கு மேல் ஏற்றி அவர் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். காலையில் அவர் உன்னையும் பார்த்திருந்தார்; நம் மூவருக்கும் ஒரே மூக்கு என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவர் தாளில் கையெழுத்துப் போட்டு, "உங்க யூகம் சொன்ன பொண்ணுகிட்ட, அடுத்த மாசத்துல இருந்து அவங்க தனியா நடலாம்னு சொல்லிடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று போய்க் கால் மணி நேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார். உன் மாடிக் கதவில் இருக்கும் சின்ன வட்டக் கண்ணாடி வழியாக இருவரும் உன்னைப் பார்த்தோம். முகமூடி, தொப்பி, கண்கள் மட்டும். உன் கை மட்டும் அசைந்தது, மணிக்கட்டுகூட அசையவில்லை. அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார், கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சு விட்டால் உன் கை ஆடிவிடும் என்பது போல. அக்கா, என் வாழ்நாளில் நான் பார்த்த மிக அழகான வேலை அது. பிறகு மெல்ல இறங்கி வந்துவிட்டோம்.

இப்போது மாலை ஆறு. அப்பா வாசலுக்கு வெளியே நின்று அண்ணாந்து மூன்றாம் மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காற்றடிக்கிறது. அவருக்கு முடி கண்ணில் விழுகிறது. ஒதுக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். "முடிச்சுட்டா, முடிச்சுட்டா!" என்று கண்ணாடிக் கதவைத் தட்டி என்னைக் கூப்பிடுகிறார்.

மூன்றாம் மாடியில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.